டி. ரெக்ஸ் ஏன் வேலியைத் தாண்டி வந்தது? ஃபேன் தியரி எழுதப் பழகுவோம்

கொட்டும் மழை, மின்சாரம் போன வேலி, பாதையிலேயே நின்றுவிட்ட இரண்டு கார்கள், டம்ளர் தண்ணீரில் எழும் வட்ட வட்ட அலைகள். டைனோசர்களை உயிரோடு உருவாக்கி வைத்திருக்கும் ஒரு பூங்காவைப் பற்றிய 'ஜுராசிக் பார்க்' படம் 1993-இல் வந்தது. முப்பது வருடம் தாண்டியும் இந்தக் காட்சியைப் பற்றி ரசிகர்கள் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: வேலியைத் தாண்டி வந்த அந்த டி. ரெக்ஸுக்கு, அந்த ராட்சத ஊனுண்ணி டைனோசருக்கு, அன்றிரவு என்னதான் வேண்டியிருந்தது? பசியா, கோபமா, புதிதாக ஒன்றைப் பார்த்த ஆர்வமா?

இதற்கு நீங்களே ஒரு ஃபேன் தியரி, அதாவது படம் நேராகச் சொல்லாததற்கு ரசிகர் தரும் விளக்கம், எழுதலாம். படமும் ஒரு நோட்டும் ஒரு சாயங்கால நேரமும் இருந்தால் போதும். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. நான் எப்படிச் செய்கிறேன் என்பதை இந்த ஒரே காட்சியை வைத்து வரிசையாகச் சொல்கிறேன். கூடவே வாருங்கள்.

படி 1: எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

ரெக்ஸுக்கு இரையாகக் கட்டியிருந்த ஆட்டைக் காணோம் என்று தெரிவதில் தொடங்கி, கார் மதிலுக்கு அப்பால் விழுவது வரை. அவ்வளவுதான் நம் காட்சி. கேள்வியும் ஒன்றே ஒன்று: வெளியே கால் வைத்தபோது அதற்கு என்ன வேண்டியிருந்தது?

இன்னொரு எல்லையும் உண்டு. மைக்கேல் கிரைட்டன் 1990-இல் எழுதிய நாவலில் இதே சம்பவம் வேறு மாதிரி நடக்கிறது. அங்கே பெரிய ரெக்ஸோடு ஒரு இளம் ரெக்ஸும் இருக்கிறது, சாகிற ஆளும் வேறு. நாவலில் இருப்பதைப் படத்துக்கு ஆதாரமாகக் காட்டினால் தியரி அங்கேயே உடைந்துவிடும். படத்தைப் பற்றி எழுதினால் படத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

படி 2: சத்தத்தை அணைத்துவிட்டு, அது செய்வதை மட்டும் எழுதுங்கள்

அலறலும் கர்ஜனையும் காதில் விழுந்துகொண்டிருந்தால், 'பயங்கரமான மிருகம், கொல்ல வருகிறது' என்று மனது முன்கூட்டியே முடிவு செய்துவிடும். அதனால் முதல் முறை சத்தமில்லாமல் பாருங்கள். நோட்டில் வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள். 'கோபமாகப் பார்த்தது' என்று எழுதக் கூடாது, 'பார்த்தது' என்று எழுத வேண்டும். கோபம் நாம் சேர்த்தது.

என் நோட்டில் இருப்பது இது. ஆட்டை விழுங்கியது. வேலிக் கம்பிகளை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. கர்ஜித்தது. குழந்தைகள் இருந்த காரில் டார்ச் வெளிச்சம் தெரிந்ததும் அந்தப் பக்கம் திரும்பியது. ஜன்னல் வழியே பார்த்தது. காரை முட்டியது. கூரைக் கண்ணாடியை உள்ளே தள்ளியது. காரைக் கவிழ்த்தது. அடிப்பகுதியில் கால் வைத்து டயரைப் பிய்த்தது. டைனோசர் ஆய்வாளர் கிராண்ட் பிடித்திருந்த ஃப்ளேர் (எரியும் சிக்னல் குச்சி) வெளிச்சத்தைப் பார்த்தது, அவர் எறிந்ததும் அதன் பின்னால் போனது. இன்னொரு ஃப்ளேரோடு ஓடிய கணித நிபுணர் மால்கமைத் துரத்தியது. கழிப்பறைக் குடிலை இடித்தது. உள்ளே இருந்த வழக்கறிஞர் ஜெனாரோவைக் கடித்துத் தூக்கியது. காருக்குத் திரும்பி வந்தது. அசையாமல் நின்ற கிராண்டுக்கும், காரில் இருந்த சிறுமி லெக்ஸுக்கும் பக்கத்தில் மோப்பம் பிடித்தது. காரைச் சுழற்றித் தள்ளியது. கார் விழுந்தது. மறுபடி கர்ஜித்தது.

இந்தப் பட்டியலை எழுதி முடித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அதன் நேரத்தில் பெரும் பகுதி மனிதர்களுக்குப் போகவில்லை, காருக்குப் போயிருக்கிறது. எத்தனையோ முறை பார்த்த காட்சிதான், ஆனாலும் அதுவரை நான் இதைக் கவனிக்கவே இல்லை.

படி 3: இருக்கிற தியரிகளை இந்தப் பட்டியலோடு உரசிப் பாருங்கள்

முதலில் பசி தியரி. எல்லோரும் சொல்வது இதுதான்: பசித்தது, வந்தது, தின்றது. இதற்கு எதிராகச் சிலர், "ஏற்கெனவே ஒரு ஆட்டைத் தின்றுவிட்டதே, அப்புறம் என்ன பசி?" என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால் நிற்காது. ஆடு 30 கிலோ, ரெக்ஸ் 8,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு கிலோ வீட்டுப் பூனைக்கு அது 15 கிராம், அதாவது ஒரு சுண்டெலிக்கும் குறைவு. அதைத் தின்ற பூனைக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக, ஆட்டை வைத்துப் பசி தியரியைத் தோற்கடிக்க முடியாது.

வேறு இரண்டு இடங்களில் பசி தியரி தடுமாறுகிறது. ஒன்று, அதே ஆட்டைப் பகலிலேயே அங்கே கட்டி வைத்தார்கள், கார்களும் வந்து நின்றன. ரெக்ஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊட்டிவிட்டால் அதற்குப் பிடிக்காது, வேட்டையாடத்தான் பிடிக்கும் என்று கிராண்ட் அப்போது சொல்வார். அவர் சொல்வது ஒரு ஊகம், அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஆனால் சும்மா கிடைத்த இறைச்சிக்கு அது அவசரப்படவில்லை என்பது நாம் கண்ணால் பார்த்தது. இரண்டு, பிறகு கிராண்டின் சக ஆய்வாளர் எல்லியும் பூங்காவின் விலங்குக் காவலர் மல்டூனும் ஜீப்பில் வந்து தேடும்போது ஜெனாரோவின் உடல் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. பசியோடு அடித்த விலங்கு இறைச்சியை அப்படி விட்டுவிட்டுப் போகுமா?

அடுத்தது ஆர்வம். இதற்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது. வெளிச்சம் வந்தால் திரும்புகிறது, முட்டுகிறது, வாயால் தொட்டுப் பார்க்கிறது. கை இல்லாத, அல்லது கை இருந்தும் எட்டாத விலங்குகள் புதுப் பொருளை வாயால்தான் சோதிக்கும். நாய்க்குட்டி செருப்பைக் கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடை எட்டாயிரம் கிலோ என்றால் அதே சோதனை ஒரு காரை நாசமாக்கிவிடும். ஆனால் ஃப்ளேர் அணைந்தபின் ஆர்வமும் அணைந்திருக்க வேண்டும் அல்லவா? அது திரும்பவும் காருக்கு வருகிறது. வெறும் ஆர்வம் மட்டும் என்றால் இந்தத் திரும்பி வருதலை விளக்குவது கஷ்டம்.

மூன்றாவது, 'இது என் இடம்' என்கிற எல்லை தியரி. நான் இதன் பக்கம்தான் சாய்கிறேன், கொஞ்சம் மாற்றி. ரெக்ஸ் இருந்த அடைப்பின் ஓரத்தில், அதன் உயரத்தில் பாதிகூட இல்லாத, ஆனால் மனிதனைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு உருவங்கள் நகராமல் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் உள்ளிருந்து வெளிச்சம் வருகிறது, குரல் வருகிறது. ரெக்ஸின் கணக்கில் கார்தான் விலங்கு, மனிதர்கள் அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று. இப்படி வைத்துப் பார்த்தால் பட்டியலில் இருக்கும் வினைகள் ஒவ்வொன்றாகப் பொருந்துகின்றன. கவிழ்க்கிறது, அடிவயிறு மேலே வருகிறது, அதில் கால் வைத்து அழுத்துகிறது, பிய்க்கிறது. செத்ததா என்று பார்க்கத் திரும்பி வருகிறது. கடைசியில் மதிலுக்கு அப்பால் தள்ளிவிட்டு, அங்கே நின்று கர்ஜிக்கிறது.

படி 4: படத்துக்குள்ளேயே ஒப்பிட ஒரு காட்சி தேடுங்கள்

பலர் இந்தப் படியைச் செய்வதே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு செயல் வேட்டையா இல்லையா என்று தெரிய, அதே விலங்கு சந்தேகமில்லாமல் வேட்டையாடும் இடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிர்ஷ்டவசமாகப் படத்திலேயே அது இருக்கிறது. மறுநாள் நெருப்புக்கோழி போன்ற காலிமைமஸ் டைனோசர் கூட்டம் ஓடி வரும்போது ரெக்ஸ் மரங்களுக்கு நடுவிலிருந்து பாய்கிறது, ஒன்றைக் கவ்வுகிறது, அங்கேயே தின்னத் தொடங்குகிறது. முட்டிப் பார்த்தல் இல்லை, சுற்றி வருதல் இல்லை, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தல் இல்லை.

இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒரே விலங்கு இரண்டு விதமாக நடந்துகொள்வது நன்றாகத் தெரியும். மழைக் காட்சி வேட்டை இல்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் கிடையாது.

ஒப்பிடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். வேலியின் பலவீனத்தைத் தேடிச் சோதித்தது என்று ரெக்ஸைப் பற்றி எழுதுவார்கள். மல்டூன் அப்படிச் சொன்னது வெலாசிராப்டர்கள் (சுருக்கமாக ராப்டர்கள்) என்ற சிறிய வேட்டை டைனோசர்களைப் பற்றி. ரெக்ஸின் நகம் கம்பியைத் தொடும் ஒரு ஷாட் இருக்கிறது. அதற்கு மேல் நாம் எதையும் சேர்க்கக் கூடாது.

படி 5: உங்கள் தியரியைக் கவிழ்க்கும் ஷாட்டை நீங்களே காட்டுங்கள்

என் தியரிக்கு இரண்டு சிக்கல்கள். முதலாவது மால்கம். கார்தான் குறி என்றால் ஓடும் மனிதனை ஏன் துரத்த வேண்டும்? அசைவும் வெளிச்சமும் சேர்ந்தால் எந்த இரைக்கொல்லியின் காலும் தானாகவே ஓடும், பூனைக்கு முன்னால் நூல் இழுப்பது போல, என்று பதில் வைத்திருக்கிறேன். ஓரளவுக்குச் சரியான பதில்தான்.

இரண்டாவது, பிறகு வரும் ஜீப் துரத்தல். எல்லை தியரிக்காரர்கள் அதைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள்: வெளியாள் ஓடிவிட்டான், ரெக்ஸ் நின்றுவிட்டது. பசி தியரிக்காரர்களும் இழுப்பார்கள்: எட்டவில்லை, விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் பேசுகிற காட்சி யாருக்கும் ஆதாரம் ஆகாது. அதை நோட்டில் ஓரமாகத் தனியே எழுதி வையுங்கள்.

படி 6: விலங்குக்கு வேண்டியது எது, இயக்குநருக்கு வேண்டியது எது?

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நம்மைப் பயமுறுத்த எடுத்த காட்சி இது. டம்ளர் தண்ணீரில் வரும் அலைக்காகவே அடியில் கிடார் கம்பி கட்டி மீட்டினார்கள். அந்தக் கர்ஜனையை ஒலிக்கலைஞர் கேரி ரைட்ஸ்ட்ராம் குட்டி யானை, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து உருவாக்கினார். அவ்வளவு உழைத்துச் செய்த சத்தத்தைப் படத்தில் ஒலிக்க விடாமல் இருப்பார்களா?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லை தியரிக்குப் பலர் காட்டும் முதல் ஆதாரம் கர்ஜனைதான். பதுங்கி வேட்டையாடும் புலி பாய்வதற்கு முன் சத்தம் போடாது, ரெக்ஸ் போடுகிறது, எனவே இது வேட்டை இல்லை என்பார்கள். உயிரியலாகப் பார்த்தால் நல்ல வாதம். ஆனால் கர்ஜனை விலங்கின் முடிவா, ஒலிக்கலைஞரின் முடிவா என்று நம்மால் பிரிக்க முடியாது. அதனால் என் தியரிக்கு உதவினாலும் அதை நான் இரண்டாம் வரிசையில்தான் வைக்கிறேன்.

ரெக்ஸ் நடந்து வந்த அதே பக்கத்தில் கொஞ்ச நேரத்தில் ஆழமான பள்ளம் இருப்பதும் இந்த வகைதான். வரைபடம் போட்டு அதற்கு விளக்கம் தரும் ரசிகர்கள் உண்டு, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நோக்கத்தைப் பற்றிய தியரியை அந்தப் பள்ளத்தின் மேல் கட்டாதீர்கள்.

படி 7: அறிவியலை எவ்வளவு சேர்ப்பது?

கொஞ்சமாக. அசையாமல் நின்றால் அதற்குக் கண் தெரியாது என்று படத்தில் கிராண்ட் சொல்கிறார். உண்மையான டி. ரெக்ஸுக்கு அப்படி இருந்ததாகச் சொல்ல முடியாது. கென்ட் ஸ்டீவன்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் இரு கண்களின் பார்வையும் ஒன்றன்மேல் ஒன்று சேரும் பரப்பு சுமார் 55 டிகிரி, பருந்துகளைவிட அதிகம். மோப்ப சக்தியும் பெரியது. படத்தின் ரெக்ஸோ பழைய டைனோசர் டி.என்.ஏ.வில் விட்டுப்போன இடங்களைத் தவளையின் டி.என்.ஏ.வால் நிரப்பிச் செய்தது. தவளை அசையாத பூச்சியைக் கண்டுகொள்ளாது என்பது தெரிந்த விஷயம். கிராண்ட் சொன்னது இந்த ஒரு ரெக்ஸுக்குப் பொருந்தலாம்.

மோப்பம் பிடித்தும் ஏன் கடிக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். ஒன்று, அதற்கு உண்மையிலேயே அவர்கள் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் அக்கறை இல்லை. அடுத்த நொடி அது எதைத் தொடுகிறது என்று பாருங்கள். காரை.

அறிவியலில் ஒரு எல்லைக் கோடு உண்டு. 2022-இல் வந்த 'ஜுராசிக் வேர்ல்ட் டொமினியன்' படத்தின் ரெக்ஸ், முன்ஜென்மப் பகையைத் தீர்க்க கிகானோட்டோசாரஸ் என்ற இன்னொரு பெரிய ஊனுண்ணி டைனோசரோடு மோதியது என்று ஒரு தியரி சுற்றுகிறது. டி.என்.ஏ. வழியாக நினைவு வராது. அந்த இரண்டு விலங்குகளும் வாழ்ந்த காலத்துக்கு நடுவே சுமார் 3 கோடி ஆண்டுகள் இருக்கின்றன, கண்டமும் வேறு. அழகான கதைதான், ஆனால் தியரியாக நிற்காது.

படி 8: ஐந்து வரியில் எழுதுங்கள்

என்னுடையதை மாதிரிக்குத் தருகிறேன்: "அன்றிரவு ரெக்ஸ் மனிதர்களை வேட்டையாட வரவில்லை. தன் எல்லையில் நின்ற காரை ஒரு விலங்காக எண்ணி, சோதித்து, அடித்து, அப்புறப்படுத்தியது. காரிலேயே பெரும் நேரம் செலவிட்டதும், காலிமைமஸ் வேட்டையில் வேறு விதமாக நடந்ததும் இதற்கு ஆதாரம். ஜெனாரோ, கழிப்பறை இடிந்ததால் வாய்க்கு எட்டிய ஒரு ஆள். மால்கமைத் துரத்தியது இந்தத் தியரிக்கு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை."

கடைசி வரியை எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் இன்னொருவர் உங்களுக்குப் பதில் எழுதுவார்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

அதே படத்தின் இறுதிக் காட்சி. பார்வையாளர் மையத்தின் கூடத்தில் ராப்டர்கள் மனிதர்களைச் சூழ்கின்றன. ஒரு ராப்டர் பாய்கிறது, அதை ரெக்ஸ் காற்றிலேயே கவ்வுகிறது. ரெக்ஸ் அவர்களைக் காப்பாற்ற வந்தது என்று உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தொடங்கும் முன் படி 6-ஐ நினைவில் வையுங்கள்: படத்தின் முடிவு முதலில் வேறாக இருந்தது, ரெக்ஸ் மறுபடி வர வேண்டும் என்று ஸ்பீல்பெர்க் பின்னால்தான் முடிவு செய்தார். தரை அதிராமல் அது எப்படி உள்ளே வந்தது என்பதற்கும் அங்கேதான் பதில்.

சத்தத்தை அணையுங்கள். ரெக்ஸ் உள்ளே வந்தபின் ஒரு தடவையாவது மனிதர்கள் பக்கம் திரும்புகிறதா? நோட்டில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.