கழுவிய பாட்டிலை மறுபடியும் கழுவாதீர்கள்

பக்கத்து வீட்டுத் தம்பி இந்தச் சித்திரையில், சர்க்கரைத் தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் கொம்புச்சா பானம் போடத் தொடங்கியிருக்கிறான். போன ஞாயிறு மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தால், 12 பாட்டில்களைக் குழாயடியில் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றையும் நிரப்புவதும் கவிழ்ப்பதுமாக இருக்கிறான். தண்ணீர் தென்னை மூடு வரை ஓடிவிட்டது. 9 வருடங்களுக்கு முன் இதே கோலத்தில் நின்ற என்னை மாமியார் திட்டியது நினைவுக்கு வந்தது.

நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பேச்சிப்பாறை அணை நிரம்பிவிட்டது என்று செய்தி வருகிற நாளிலும் எங்கள் கிணறு உவர்ப்புதான். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் கொம்புச்சாவும் பழக்காடியும் (பழ வினிகர்) போடுகிறவள் நான். (மது காய்ச்சுவது நம் மாநிலத்தில் குற்றம். கிறிஸ்துமஸ் திராட்சை ஒயின் ஊறும் பரணி ஜாடிகளைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.) குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள், வாளியில் பிடித்துக் கழுவுங்கள் என்பதை எல்லாம் உங்கள் அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்ட தவறுகளை இங்கே சொல்கிறேன்.

காய விடுவது

பாட்டில் காலியானதும் கால் தம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிடுங்கள். காய விட்டு மறுநாள் கழுவினால் ஒரு வாளி வேண்டும்.

அழுக்கின் மேல் மருந்து

சுத்தம் செய்வது வேறு, கிருமி நீக்குவது வேறு. கண்ணாடிப் பரணியின் உட்புறத்தில் வழுவழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தால், அதற்கடியில் இருக்கும் கிருமிகளை எந்த மருந்தும் தொடாது. முதலில் படலம் போக வேண்டும். தேய்த்துத் தேய்த்து அலசுவதைவிட ஊறவைப்பது நல்லது. சோடியம் பெர்கார்பனேட் என்ற சலவை வெளுப்புத் தூளை வெந்நீரில் கரைத்து ஒரு பரணியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து அதே நீரை அடுத்த பரணிக்கு மாற்றுங்கள். நான் நான்கு பரணிகளை ஒரே கரைசலில் முடித்துவிடுவேன். சில மணி நேரத்தில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் நாளைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். கடினநீர் ஊர்களில் கண்ணாடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதற்காக மறுபடி குழாயடிக்கு ஓடாதீர்கள். ஒரு கரண்டி வினிகரை விட்டுச் சுழற்றினால் கரைந்துவிடும்.

கிருமி நீக்கிய பிறகு அலசுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

முதல் வருடம் கிருமி நீக்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பொருள், ஊர்க் கிணற்றில் போடும் ப்ளீச்சிங் பவுடர். விலை மலிவு, கைக்கு எட்டும் பொருள். மூன்று 5 லிட்டர் பரணிகளை அந்தக் கரைசலில் ஊறவைத்தேன். குளோரின் வாடை போகவில்லை. வாடையோடு தேநீரை எப்படி ஊற்றுவது? கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஐந்து முறை அலசினேன். பரணிகள் பளபளத்தன, எனக்கும் பெருமையாக இருந்தது. எட்டாம் நாள் துணியை விலக்கினால், மூன்றிலும் நீலப்பச்சையாகப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த கொம்புச்சாவில் மேலாக வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கும் பேச்சே கிடையாது. 15 லிட்டர் தேநீர், ஒரு கிலோ சர்க்கரை, இரண்டு மாதம் வளர்த்த ஸ்கோபி (தேநீரைப் புளிக்க வைக்கும் தாய்ப்படலம்) எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

காற்றில் வந்திருக்கலாம், துணியில் இருந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அடுத்த மாதம் ஒரே தேநீரை இரண்டு பரணிகளில் ஊற்றினேன். இரண்டையும் ப்ளீச்சிங் பவுடர் இல்லாமல் ஒரே மாதிரி கிருமி நீக்கி, ஒன்றை மட்டும் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். அலசிய பரணியில்தான் பூஞ்சை வந்தது. ஒரே ஒரு சோதனையை ஆய்வுக்கூடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் போதுமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள்: கிருமிகளைக் கொல்ல மெனக்கெட்டுவிட்டு, கிருமி உள்ள தண்ணீரை நாமே உள்ளே ஊற்றுகிறோம். தண்ணீரும் போயிற்று, சரக்கும் போயிற்று. தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 750 மில்லி பாட்டில் 12, ஒவ்வொன்றுக்கும் நான்கு அலசல் என்றால் 36 லிட்டர். கொதித்து ஆறிய தண்ணீரில் அலசினால் கிருமிப் பயம் இல்லைதான். ஆனால் 36 லிட்டரைக் கொதிக்க வைக்கும் கேஸை யார் கொடுப்பது? ப்ளீச்சிங் பவுடர் மலிவு என்பது இப்படித்தான் பொய்யாகிறது.

அலச வேண்டிய தேவையே இல்லாத முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. என் வீட்டில் பாட்டில்களுக்கு இட்லிக் கொப்பரை. அடியில் ஒரு லிட்டர் தண்ணீர், தட்டின் மேல் ஆறு பாட்டில்களைப் படுக்க வைத்து, குளிர்ந்த நிலையிலேயே அடுப்பில் ஏற்ற வேண்டும். சூடான கொப்பரையில் பாட்டிலைத் திணித்தால் விரிசல் விடும். ஆவி வந்ததிலிருந்து 20 நிமிடம், பிறகு மூடியைத் திறக்காமல் ஆற விட வேண்டும். இரண்டு ஈடில் 12 பாட்டில்களும் முடிந்துவிடும். தண்ணீர் இரண்டு லிட்டர்.

கொப்பரைக்குள் நுழையாத பரணிகளுக்கு, அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமில வகைக் கிருமிநீக்கி இணையத்தில் கிடைக்கிறது. அரை லிட்டர் கலந்து தெளிப்பான் பாட்டிலில் வைத்துக்கொண்டால் வீட்டில் உள்ள எல்லாப் பரணிக்கும் போதும். லேபிளில் சொன்ன நேரம் வரை சுவர் ஈரமாக இருந்தால் சரி, பரணியை நிரப்ப வேண்டியதில்லை. நுரை தங்கும். அந்த நுரையைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் புதியவர்கள் குழாயைத் திறக்கிறார்கள். தங்கட்டும், அதன் மேலேயே தேநீரை ஊற்றுங்கள். ஆனால் லேபிள் அளவைத் தாண்டிக் கலந்தால் இந்தச் சலுகை கிடையாது. கண்ணளவு வேண்டாம், ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். உவர்க்கிணற்று நீரில் கலந்தால் பால் போலக் கலங்கி வலு குறையலாம். குடிநீர்க் கேன் தண்ணீரே நல்லது. கலந்து வைத்த கரைசல், அமில அளவு காட்டும் பிஹெச் தாளில் 3-க்கு மேல் காட்டினால் கொட்டிவிடுங்கள்.

எஃகு நார்

பிளாஸ்டிக்கில் படவே கூடாது. கீறலுக்குள் கிருமி தங்கிவிடும், அப்படிக் கீறல் விழுந்த வாளி செடி வைக்க மட்டும் உதவும்.

ப்ளீச்சிங் பவுடரும் வினிகரும்

ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கடைசித் தண்ணீர்

தேயிலை மண்டி கழுவிய தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றலாம். பெர்கார்பனேட் கரைத்த நீரை ஊற்றாதீர்கள், அதில் இருப்பது சலவைச் சோடா உப்பு. எங்கள் மண்ணில் உப்பு ஏற்கெனவே போதும். அந்த வாளி கழிப்பறைக்குப் போகட்டும்.

தம்பியிடம் இதையெல்லாம் மதிலோரம் நின்று சொன்னேன். "அக்கா, அந்தக் கொப்பரையை ஒரு நாள் தாருங்கள்" என்றான். கொடுத்தேன். நாளை நல்ல தண்ணீர் வரும் நாள், மாவும் பொங்கியிருக்கிறது, கொப்பரை இன்னும் திரும்பி வரவில்லை.