புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்

பிள்ளை பாடத்தை ஒரு முறை படித்ததும், திரும்பப் படிக்கச் சொல்லாமல் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் நிற்பதைச் சொல்லச் சொல்லுங்கள், மொரிஷியசில் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் சொன்னாலும் சரி, அப்புறம் புத்தகத்தைத் திறந்து, சொல்லாமல் விட்டதை மட்டும் பார்த்தால் போதும். தேடி எடுக்கும்போதுதான் நினைவு உறுதிப்படுகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, 5 நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்தோ நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மொரிஷியசில் ஆறாம் வகுப்புத் தேர்வென்றாலே டியூஷனுக்கு ரூபாய் கரைகிறது. இதற்குப் பத்து நிமிடம்தான், காசே வேண்டாம். பாடமே புரியாத பிள்ளைக்கு மட்டும் இது உதவாது, முதலில் யாராவது உட்கார்ந்து விளக்கித்தான் ஆக வேண்டும்.