பில் பணம் 45 நாளில் வர: சிறு பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் லேத் பட்டறை கோவை கணபதியில் இருக்கிறது. மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிறோம். மெஷின் பக்கம் என் வீட்டுக்காரர். பில், வசூல், பேங்க் எல்லாம் நான்.

சிறுதொழிலுக்கு அரசு என்ன செய்கிறது என்று பேச்செடுத்தால் எல்லோரும் மானியக் கடனுக்குத்தான் போகிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ், பிஎம்இஜிபி என்று விசாரிக்கிறார்கள். நல்ல திட்டங்கள்தான், புதிதாகத் தொடங்குகிறவர்கள் கட்டாயம் போய்க் கேளுங்கள். ஆனால் இந்த மானியம் பெரும்பாலும் தொழில் தொடங்கும்போது கிடைப்பது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் தொழிலை நடத்த வேண்டுமே, அதற்கு உதவுகிற ஒன்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ வேலையோ வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எங்கள் தெருவில் பலர் இதைக் காதால் கேட்டிருக்கிறார்கள், கையில் எடுத்ததில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மாதம் 4 லட்சத்துக்கு வேலை செய்கிறீர்கள், பணம் 120 நாள் கழித்துத்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமும் 16 லட்சம் வெளியே நிற்கும். அதை ஈடுகட்ட 11 சதவீதத்தில் பேங்கில் ஓவர்டிராஃப்ட் கடன் எடுத்தால் வட்டி மட்டும் வருடத்துக்கு 1,76,000 ரூபாய். இதில் ஜிஎஸ்டி வேறு. 4 லட்சம் பில்லுக்கு 18 சதவீதம் என்றால் 72,000 ரூபாயை, பார்ட்டி நமக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நாம் கட்டிவிட வேண்டும். இந்தியாவின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் நம்மைப் போன்ற தொழில்களிலிருந்து வருகிறது என்று அரசே சொல்கிறது. அந்தப் பங்கு கூட வேண்டுமானால் இந்த 16 லட்சம் விடுபட வேண்டும். அது கைக்கு வந்தால் இன்னொரு சிஎன்சி மெஷினுக்கு முன்பணம் கொடுப்போம், இரண்டு பையன்களை வேலைக்கு எடுப்போம். வராதவரை சனிக்கிழமைக் கூலிக்கே நகை அடகுக் கடைக்குப் போகிறது.

உத்யம் பதிவு, முதல் பில்லுக்கு முன்பே

சட்டத்தின் பாதுகாப்பு வேண்டுமென்றால் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு, வேண்டும். அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதார், பான், ஜிஎஸ்டி எண் வைத்து நாமே செய்துகொள்ளலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. தேடும்போது அரசுத் தளம் மாதிரியே தோன்றும் தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும், இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும். முகவரியின் முடிவில் கவ் டாட் இன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

2025 ஏப்ரல் முதல் வரம்புகளை உயர்த்திவிட்டார்கள். மெஷின் முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். கணபதியிலும் குறிச்சியிலும் இருக்கிற பட்டறைகள் அநேகமாக எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

பதிவில் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் தொழில் வகை. உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று கேட்கும். கடைசல் வேலை செய்கிறவர் தவறுதலாக வியாபாரம் என்று போட்டுவிட்டால் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடைக்காது, ஏனென்றால் வாங்கி விற்பவர்களுக்கு அந்தப் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் செல்லும். ஏற்கனவே பதிந்தவர்களும் சான்றிதழை எடுத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பணம் நின்ற பிறகு அவசரமாகப் பதிந்து பழைய பில்லுக்குக் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார். பதிந்ததும் உத்யம் எண்ணை பில்லில் அச்சடியுங்கள். சான்றிதழ் நகலைப் பார்ட்டியின் அக்கவுண்ட்ஸுக்கு மெயிலில் அனுப்பி, அந்த மெயிலை அழிக்காமல் வையுங்கள்.

45 நாள் எந்தத் தேதியிலிருந்து?

சண்டை வருவது பெரும்பாலும் இந்தத் தேதியில்தான். பில் தேதி கணக்கில்லை. சரக்கை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாள்தான் கணக்கு. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் குறை ஏதாவது இருந்தால் அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். மூன்று மாதம் கழித்து பணம் கேட்கும்போது "உங்க லாட்ல நாப்பது பீஸ் ரிஜெக்ஷன் இருந்துச்சுங்க" என்று போனில் சொல்வது சட்டப்படி செல்லாது. ஆனால் சரக்கு எந்த நாளில் போய்ச் சேர்ந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அதனால் டெலிவரி சலானில் கேட்டில் இருப்பவரின் கையெழுத்து, சீல், தேதி மூன்றும் இல்லாமல் வண்டியைத் திரும்ப விடாதீர்கள். நாங்கள் டெம்போ ஓட்டும் தம்பியிடம் சொல்லி, சீல் போட்ட சலானை அங்கேயே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

பர்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தால்? அதில் நாமே கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. எழுத்தில் எந்தக் கெடுவும் பேசவில்லை என்றால் இன்னும் குறைவு, 15 நாள்தான்.

கடிதம் எழுதுங்கள், ஆனால் சரியான மாதத்தில்

எங்கள் பார்ட்டி ஒருவர் நல்ல மனிதர், ஆர்டர் நிறையக் கொடுப்பார், பணம் மட்டும் இழுப்பார். நேரில் போனால் காபி கொடுத்து, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ங்க்கா" என்பார். இப்படிப்பட்டவரிடம் எடுத்த எடுப்பில் வழக்கு என்று போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய ஆடிட்டருக்கு விஷயம் புரிய வைத்தால் போதும்.

காரணம், வருமான வரி. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம் கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால், அதை அந்த ஆண்டுச் செலவாக அவர்கள் காட்ட முடியாது. 2023-24ஆம் நிதியாண்டிலிருந்து இப்படி. ஆடிட்டர்கள் 43பி எச் என்று சொல்வது இதைத்தான். செலவு குறைந்தால் லாபம் கூடும், வரி கூடும். ஆகவே பிப்ரவரி மாதத்தில் போகும் கடிதத்துக்கு இருக்கும் மரியாதை ஜூன் மாதத்தில் இருக்காது.

ஜிஎஸ்டியிலும் ஒரு பிடி உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லின் ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட தொகையை (உள்ளீட்டு வரி வரவு) அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பார்ட்டி பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. 45 நாள் தாண்டிய நம் பாக்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், ஏப்ரல் 30, அக்டோபர் 31 என்று இரண்டு கெடு.

கடிதம் நீளமாக வேண்டாம். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா, எங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். இணைப்பில் உள்ள மூன்று பில்களுக்கான சரக்கு தங்கள் நிறுவனத்தில் பெறப்பட்டுச் சட்டப்படியான 45 நாள் கடந்துவிட்டது. மொத்த பாக்கி 3,00,000 ரூபாய். எம்எஸ்எம்இ சட்டப்படியான வட்டி தனி. இந்த நிதியாண்டு முடிவதற்குள் தொகையைச் செலுத்தும்படியும், மார்ச் 31க்கான பாக்கி உறுதிக் கடிதம் தரும்படியும் கேட்டுக்கொள்கிறோம்."

இதை முதலாளிக்கு மட்டும் அனுப்பாமல் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கும் நகல் அனுப்புங்கள். பாக்கி உறுதிக் கடிதம் கேட்பது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். அதில் அவர்கள் கையெழுத்திட்டுவிட்டால் இன்ன தொகை பாக்கி என்பதை அப்புறம் மறுக்க முடியாது.

வட்டி எவ்வளவு என்று கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. விகிதம் 5.5 சதவீதம் என்றால் நமக்கு 16.5 சதவீதம். 3 லட்சம் ஆறு மாதம் நின்றால் சுமார் 25,600 ரூபாய் வருகிறது. இந்த வட்டியையும் அவர்கள் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

பெரிய கம்பெனிக்கு நேரடியாக சப்ளை செய்கிறவர்கள், பில்லை வைத்து வங்கியிடம் முன்கூட்டியே பணம் வாங்கும் ட்ரெட்ஸ் என்ற இணைய ஏற்பாட்டைப் பற்றியும் கேளுங்கள். ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்கள் இருக்கின்றன. நம் பில்லைக் கம்பெனி அங்கே ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு அதை எடுத்துக்கொண்டு ஓரிரு நாளில் பணம் தருகின்றன. பின்னால் கம்பெனி கட்டாவிட்டாலும் வங்கி நம்மிடம் வராது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தாக வேண்டும். ஆனால் அவர்களாக நம் பில்லை ஏற்ற மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். அதற்காக வங்கி பிடிக்கும் கழிவு யார் தலையில் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சமாதான் எப்போது?

கடிதத்துக்குப் பதில் இல்லை, போன் எடுப்பதில்லை, ஆர்டரும் நின்றுவிட்டது என்றால் தயங்காதீர்கள். "கேஸ் போட்டால் வேலை போயிடும்" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அங்கே போவதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லையே.

பாக்கிப் பணத்துக்கு மனு வாங்க எம்எஸ்எம்இ அமைச்சகம் சமாதான் என்ற பெயரில் தொடங்கிய இணைய வழியில் உத்யம் எண்ணைப் போட்டு மனுவை நாமே பதியலாம். பர்சேஸ் ஆர்டர், பில், சீல் போட்ட சலான், நாம் அனுப்பிய கடிதங்கள், வட்டிக் கணக்கு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பாகச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மனு, இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் மன்றம் இருக்கிறது. பார்ட்டி டெல்லியில் இருந்தாலும் நாம் இருக்கும் இடத்து மன்றமே விசாரிக்கலாம், இது சிறிய ஆட்களுக்குப் பெரிய தெம்பு. முதலில் இரு தரப்பையும் வைத்துச் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். 90 நாளில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் கூடுதலாக இழுக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதனால் பாக்கியை மூன்று வருடத்துக்கு மேல் போக விடாமல் மனுவைப் போட்டுவிடுவது நல்லது. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து அவர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

பல மனுக்கள் சமரசத்திலேயே முடியக்கூடியவை. அசலைக் கொடுத்துவிடுகிறோம், வட்டியை விட்டுவிடுங்கள் என்று கேட்பார்கள். விடுவதா வேண்டாமா என்பது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. நானாக இருந்தால் வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பேன். ஆனால் மனுவில் முழு வட்டியும் கேட்டிருக்க வேண்டும், முதலிலேயே விட்டுவிட்டால் அங்கே பேசுவதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது. தவணையாகத் தருகிறோம் என்றால் எந்தத் தேதியில் எவ்வளவு என்று மன்றத்தின் முன்னாலேயே எழுதி வாங்குங்கள். ஒரு தவணை தவறினால் மீதித் தொகையும் விட்டுக்கொடுத்த வட்டியும் சேர்ந்து உடனே கொடுக்க வேண்டும் என்ற வரியையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசித் தவணை வங்கிக் கணக்கில் ஏறும்வரை மனுவை வாபஸ் வாங்கக் கையெழுத்துப் போடாதீர்கள்.