பழைய டிஸ்க் பிளேயர் மக்கர் செய்கிறதா? ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்

டிஸ்க்கைப் போட்டதும் கொஞ்ச நேரம் உர்ர்ரென்று சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டினால் போதும், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: லென்ஸ் போச்சு. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஹோம் தியேட்டர் செட்டில் லென்ஸ் போவது நடக்கிற விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி மூடியைக் கழற்றியவர்களில் பாதிப் பேர், நன்றாக இருந்த லென்ஸையும் கெடுத்துவிட்டுத்தான் மூடியை மாட்டியிருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தவறு, ஒரே ஒரு டிஸ்க்கை வைத்து முடிவுக்கு வருவது. அதிலும் எப்போதோ வீட்டில் ரைட் செய்த டிஸ்க்கை வைத்து. ரைட் செய்த டிஸ்க்கில் தகவல் ஒரு சாயப்பூச்சில் பதிந்திருக்கிறது. வெயிலும் வருடங்களும் அந்தச் சாயத்தைத் தின்றுவிடும். அழித்து எழுதும் வகை இன்னும் மோசம்: அச்சிட்ட சிடி தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்றால், சிடி-ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். வயதான லேசருக்கு அது இருட்டில் பேப்பர் படிக்கிற மாதிரி. அதனால் சோதனைக்கு எப்போதும் கீறல் இல்லாத, அச்சிட்ட ஒரிஜினல் டிஸ்க்கை எடுங்கள். ஒன்று போதாது, வகைக்கு ஒன்று.

ஏன் வகைக்கு ஒன்று? சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேவுக்கு 405. டிஸ்க்கைப் படிக்கும் ஒரே லேசர் தலைக்குள் இருந்தாலும் இவை தனித்தனி. டிவிடி ஜம்மென்று ஓடுகிறது, சிடியை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை என்றால் மோட்டார், பெல்ட், பவர் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அந்த ஒரு லேசர்தான் சோர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எந்த வகையுமே ஓடவில்லை, டிஸ்க் சுற்றவே ஆரம்பிக்கவில்லை என்றால் கதை வேறு: தூசி, லேசர் தலையையும் போர்டையும் இணைக்கும் பட்டையான ரிப்பன் கேபிள், சுழற்றும் மோட்டார் என்று தேட வேண்டும். படம் பாதி தாண்டியதும் ஏறக்குறைய எல்லா இரட்டை அடுக்கு டிவிடியிலும் உறைந்து போகிறதா? முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்கு லேசர் தாவும் இடம் அது. லென்ஸில் அழுக்கு படிந்திருந்தாலோ லேசர் பலவீனமாகியிருந்தாலோ முதலில் இடறுவது அங்கேதான். இந்தப் பத்து நிமிடச் சோதனைக்கு ஒரு திருகு கூடக் கழற்ற வேண்டாம்.

டிஸ்க்கைத் துடைப்பதிலும் ஒரு வழக்கமான தப்பு உண்டு, தட்டு கழுவுவது போல வட்டமாகத் துடைப்பது. தகவல் பதிந்திருக்கும் தடமும் வட்டமாகத்தான் போகிறது; அதன் போக்கிலேயே ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறையத் தகவல் போய்விடும், பிழை திருத்தும் வித்தையால் ஈடுகட்ட முடியாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தால், கீறலே விழுந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் துளித் துளியாகத்தான் போகும், அதைச் சமாளித்துவிடும். பற்பசை தேய்க்கும் வைத்தியத்தை ப்ளூ-ரேயில் மட்டும் செய்துவிடாதீர்கள். டிவிடியில் தகவல் 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மி.மீ. சிடியில் ஆபத்து எதிர்ப்பக்கம்: பெயர் எழுதிய பக்கம்தான் தகவல் அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, நாமோ அதைத்தான் மேசையில் கவிழ்த்து வைக்கிறோம்.

சரி, லென்ஸுக்கு வருவோம். சின்ன பிரஷ் ஒட்டிய 'கிளீனர் டிஸ்க்' ஒன்று கிடைக்குமே, அதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். லென்ஸ் எதிலும் இறுக்கமாகப் பொருத்தப்படவில்லை. மயிரிழைக் கம்பிகளில் மிதந்துகொண்டு, மேலும் கீழும் நொடிக்குப் பலமுறை ஆடி ஃபோகஸ் பிடிக்கிறது. அதன் மேல் வேகமாகச் சுற்றும் பிரஷ்ஷை விடுவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற கதை. லேசாகப் படிந்த தூசி என்றால் போகும், எண்ணெய்ப் பிசுக்கையும் புகைப் படிவையும் அது ஒன்றும் செய்யாது.

செய்வதானால் மின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு பஞ்சுக் குச்சியில் ஒற்றி, லென்ஸ் மேல் தொட்டும் தொடாமலும் ஒரு சுற்று. அவ்வளவுதான். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. அதில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக் லென்ஸைப் பால் போல வெளிறடித்துவிடும், திரும்பாது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். அப்புறம், மூடியைத் திறந்து வைத்து செட்டை ஓடவிட்டு 'லேசர் எரிகிறதா' என்று மேலிருந்து உற்றுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. சிடி லேசர் கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாத அகச்சிவப்பு. மங்கலாகத் தெரிகிறதே என்று நீங்கள் நினைக்கும் வெளிச்சத்தை விட உண்மையில் கண்ணுக்குள் போவது அதிகம்.

இப்போது என் பாவக்கதை. லேசர் தலையின் பக்கவாட்டில் கடுகளவு திருகு ஒன்று இருக்கும், லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பது. எங்கோ படித்துவிட்டு அதைக் கொஞ்சம் திருப்பினேன். மாயம் மாதிரி, மாதக்கணக்கில் படிக்காத டிஸ்க்கெல்லாம் ஓடியது. பத்து நாள் வீட்டில் நான்தான் எஞ்சினியர். பதினோராம் நாள் எதுவுமே ஓடவில்லை, இனி ஓடப்போவதும் இல்லை. களைத்த லேசருக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுப்பது, அதன் மிச்ச ஆயுளைச் சீக்கிரம் எரித்து முடிப்பதுதான். பழைய நிலையைக் குறித்து வைக்காமல் திருப்பியது அதைவிடப் பெரிய மடத்தனம், நன்றாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

புது லென்ஸ், அதாவது முழு லேசர் தலை, வாங்கி மாட்டுகிறவர்கள் இன்னொரு இடத்தில் விழுவார்கள். நிலைமின்சாரத்தில் லேசர் செத்துப்போகாமல் இருக்க, புதுத் தலையில் இரண்டு புள்ளிகளை ஈயப்பொட்டு வைத்து இணைத்து அனுப்புவார்கள். ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகு அந்தப் பொட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் அதே 'நோ டிஸ்க்', அப்புறம் 'டூப்ளிகேட் லென்ஸ் கொடுத்துவிட்டான்' என்று கடைக்காரரோடு சண்டை. பழைய தலையில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே பார்த்து வாங்குங்கள். உருவம் ஒன்றுபோல இருந்தால் போதாது.

ட்ரே பாதியில் நின்றால் எண்ணெய் விடுவது அடுத்த பெருந்தவறு. பெரும்பாலும் அங்கே குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் பெல்ட். வயதாகி இளகியோ விறைத்தோ வழுக்குகிறது. வழுக்குகிற பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? பெல்ட்டை மாற்றுங்கள், பழையது நீண்டிருக்கும் என்பதால் அதைவிடக் கொஞ்சம் சிறிய அளவில். சில பெல்ட்டுகள் உருகித் தார் மாதிரி புல்லியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் புதியதை மாட்ட வேண்டும். வெந்நீரில் போட்டால் பெல்ட் சுருங்கும் என்பது உண்மைதான், ஆனால் சில வாரத்துக்குத்தான் தாங்கும். ட்ரேயைக் கையால் தள்ளி மூடுவதையும் விடுங்கள், உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக்.

செட் உயிரே பெறவில்லை, அல்லது நாலைந்து முறை பட்டனை அழுத்தினால்தான் எழுகிறது என்றால் பவர் போர்டில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளையான கெப்பாசிட்டர் ஏதாவது தலை உப்பியிருக்கிறதா என்று தேட வேண்டும். தேடுவது கண்ணால் மட்டும். 230 வோல்ட்டில் ஓடும் செட்டில் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் கை வைக்க வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் 105 டிகிரி கெப்பாசிட்டர் போடச் சொல்லுங்கள், 85 டிகிரி அந்தச் சூட்டில் வெகுநாள் நிற்காது. ஃபியூஸ் போகிறதே என்று தடிமனான ஃபியூஸ் போடுவதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஹோம் தியேட்டரில் 'புரொடெக்ட்' என்று வந்து அணைந்தால் டிஸ்க்குக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று அதோடு மல்லுக்கட்டினால் கடைசியில் ஆம்ப்ளிஃபையர்தான் போகும். ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். இப்போது அணையாமல் இருக்கிறதா? அப்படியானால் ஏதோ ஒரு வயரில் பிரிந்த இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது ஒரு ஸ்பீக்கர் உள்ளே ஷார்ட். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினால் ஆள் அகப்பட்டுவிடும். எதுவும் மாட்டாமலே புரொடெக்ட் வந்தால் போர்டில் கோளாறு.

படம் வரவில்லை, சத்தம் வரவில்லை என்பவற்றில் பாதி செட்டிங்ஸ் தகராறு. பிளேயரை டிவிக்கு ஒத்துவராத ரெசல்யூஷனில் யாரோ வைத்திருப்பார்கள், திரை கறுப்பு. டிவியை முதலில் ஆன் செய்து சரியான இன்புட்டில் வைத்துவிட்டு அப்புறம் பிளேயரை ஆன் செய்யுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் எச்டிஎம்ஐக்குப் பதில் பழைய மஞ்சள் கேபிளைச் செருகி மெனுவைப் பிடியுங்கள். சில டிஸ்க்கில் மட்டும் சத்தம் இல்லையென்றால் அது டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஒலி வகையாக இருக்கலாம். டிவி வழியாக ஆப்டிகல் கேபிளில் போகும்போது பல டிவிகள் அதைக் கடத்துவதில்லை. ஆடியோ மெனுவில் பிட்ஸ்ட்ரீமை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) பிசிஎம் (பிளேயரே பிரித்து அனுப்புவது) ஆக மாற்றிப் பாருங்கள்.

ப்ளூ-ரேயில் பழைய படமெல்லாம் ஓடுகிறது, புதிதாக வந்த டிஸ்க் மட்டும் ஓடவில்லையா? லென்ஸைத் தொடவே வேண்டாம். ஏஏசிஎஸ் என்ற காப்புப் பூட்டின் சாவிகள் அவ்வப்போது மாறும், பழைய மென்பொருளிடம் புதுச் சாவி இருக்காது. உங்கள் மாடலின் ஃபர்ம்வேரையே (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) எடுத்து, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த யூஎஸ்பியில் போட்டு ஏற்றுங்கள், நடுவில் கரண்டை நிறுத்தாமல். மற்றபடி ஒழுங்காக ஓடும் பழைய பிளேயரை இணையத்தோடு கட்டிப்போட்டே வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 2020 ஜூனில் ஒரு பெரிய நிறுவனத்தின் ப்ளூ-ரே பிளேயர்கள் பல நாடுகளில் ஒரே சமயத்தில் தானே அணைந்து தானே எழுந்துகொண்டிருந்தன. இணையம் வழியாக வந்து சேர்ந்த ஒரு சின்னக் கோப்புதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே என்றால், வாங்கலாம், ஆனால் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு. 2010 டிசம்பர் 31-க்குப் பிறகு தயாரான ப்ளூ-ரே பிளேயர்களில் அனலாக் கேபிள் (எச்டிஎம்ஐக்கு முந்தைய பழைய வகை) வழியாக ப்ளூ-ரே படத்தின் உயர்தரக் காட்சி வராது, அப்படி விதி. 2013-க்குப் பிறகு தயாரானவற்றில் சாதாரணத் தரத்தில் வந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது. எச்டிஎம்ஐ இல்லாத பழைய ப்ரொஜெக்டர் ஒன்று உங்களிடம் இருந்தால், அதோடு ஒத்துப்போகும் பிளேயர் உங்கள் கையில் இருக்கிற இந்தக் கிழம்தான்.

ரிமோட்டையும் கூடவே பத்திரப்படுத்துங்கள். பல மாடல்களில் முகப்பில் நாலு பட்டன்தான், ரிமோட் இல்லாமல் செட்டிங்ஸ் மெனுவுக்குள்ளேயே போக முடியாது. உள்ளே பேட்டரி இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஒழுகி ஸ்பிரிங்கை அரித்த ரிமோட்டுகளை ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன்.