வெட்டிக்கொள்ளும் இரு வளையிகளுக்கு இடைப்பட்ட கோணத்தை அளப்பது எப்படி?

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தெரிவுசெய்து, வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கும் மாணவர் பலர், இந்தத் தலைப்பு வந்தவுடன் சூத்திரத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். சூத்திரம் பிறகு வரட்டும். கவராயம், பாகைமானி, மூலைமட்டம், அடிமட்டம், நன்றாகச் சீவிய பென்சில் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கோணத்தைத் தாளில் வரைந்து அளந்து பாருங்கள்.

எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாகைமானியை வளையிகளின் மீதே வைத்து வாசித்தால், இடைவெட்டுப் புள்ளியிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் ஒரு வாசிப்பும் 3 செ.மீ. தூரத்தில் வேறொரு வாசிப்பும் கிடைக்கும். ஏனெனில் வளையி தன் திசையை இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே செல்கிறது. ஆகவே, இடைவெட்டுப் புள்ளியில் ஒவ்வொரு வளையிக்கும் வரையப்படும் தொடலிகளுக்கு (அப்புள்ளியில் வளையி செல்லும் திசையைக் காட்டும் நேர்கோடுகளுக்கு) இடைப்பட்ட கோணத்தையே வளையிகளுக்கு இடைப்பட்ட கோணம் என்கிறோம். இரு தொடலிகள் வெட்டும்போது ஒரு கூர்ங்கோணமும் ஒரு விரிகோணமும் உண்டாகுமானால், கூர்ங்கோணத்தை எடுப்பதே வழக்கம்.

வட்டங்களிலிருந்து தொடங்குவோம். 7 செ.மீ. நீளமான கோடொன்றை வரைந்து, அதன் முனைகளுக்கு அ, ஆ எனப் பெயரிடுங்கள். அ-வை மையமாகக் கொண்டு 5 செ.மீ. ஆரையிலும், ஆ-வை மையமாகக் கொண்டு 3 செ.மீ. ஆரையிலும் வட்டங்களை வரைந்தால், அவை கோட்டுக்கு மேலே ஒரு புள்ளியிலும் கீழே ஒரு புள்ளியிலும் வெட்டும். மேலே உள்ளதை இ என்க. அஇ, ஆஇ என்னும் ஆரைகளை வரைந்து, இ-யில் ஒவ்வோர் ஆரைக்கும் மூலைமட்டத்தால் செங்குத்துக் கோடு வரையுங்கள், இவையே தொடலிகள். பாகைமானியின் விளிம்பைத் தாண்டும்படி அவற்றை நீட்டிக்கொள்ளாவிட்டால் வாசிப்பை ஊகிக்க நேரும். அளவு 60 பாகையாக வர வேண்டும். 58 அல்லது 62 வந்தால், பெரும்பாலும் கவராயத்தின் ஊசி நகர்ந்திருக்கும் அல்லது பென்சில் முனை மழுங்கியிருக்கும்.

இப்போது ஆரைகளுக்கு இடைப்பட்ட கோணத்தையும் அளந்து பாருங்கள்: 120 பாகை. இரு ஆரைகளையும் ஒரே திசையில் 90 பாகை சுழற்றியதால் கிடைத்தவையே தொடலிகள் என்பதால், இரண்டு சோடிக் கோடுகளும் அதே 60, 120 பாகைகளில்தான் வெட்டும். எனவே வட்டங்களுக்குத் தொடலி வரையாமலே வேலையை முடித்துவிடலாம். கோசைன் விதியும் இதையே சொல்கிறது: 25 + 9 − 49 = −15; அதை 2 × 5 × 3 = 30 ஆல் வகுத்தால் −½; அது 120 பாகையின் கோசைன். சமச்சீர் காரணமாகக் கீழே உள்ள புள்ளியிலும் கோணம் மாறாது. மையங்களுக்கு இடையிலான தூரத்தை 8 செ.மீ. ஆக்கினால் வட்டங்கள் ஒன்றையொன்று தொடும். தொடலி பொதுவாகிவிடுவதால் கோணம் 0. வட்டத்துக்கும் அதன் தொடலிக்கும் இடைப்பட்ட கோணம் எந்தக் கூர்ங்கோணத்திலும் சிறியது என்று யூக்கிளிட் சொன்னார்; நமது வரைவிலக்கணமோ அதைப் பூச்சியம் என்றே முடித்துவிடுகிறது.

மையம் தெரியாத வளையிக்குத் தளவாடித் துண்டு ஒன்று போதும். அதை இடைவெட்டுப் புள்ளியின் குறுக்கே நிமிர்த்தி வைத்து, தாளில் உள்ள வளையியும் அதன் விம்பமும் சேருமிடத்தை உற்றுப் பாருங்கள். தளவாடி சரிந்திருந்தால் அவ்விடத்தில் ஒரு முறிவு தெரியும். மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், முறிவு மறைந்து கோடு தொடர்ச்சியாக ஓடும் நிலை வரும். அந்நிலையில் தளவாடி இருப்பது செவ்வனின், அதாவது அப்புள்ளியில் தொடலிக்குச் செங்குத்தான கோட்டின், வழியே. ரசம் பூசிய பின்பக்க விளிம்பை ஒட்டியே கோடு வரைய வேண்டும். முன்பக்க விளிம்பை ஒட்டி வரைந்தால் கண்ணாடியின் தடிப்பு அளவுக்குக் கோடு விலகிவிடும். மற்ற வளையிக்கும் இவ்வாறே செவ்வன் வரைந்து, இரு செவ்வன்களுக்கு இடைப்பட்ட கோணத்தை அளந்தால் வேண்டிய விடை கிடைக்கும்.

சமன்பாடு தரப்பட்டிருந்தால் வகையீடு உதவும். கிடை ஆள்கூற்றின் வர்க்கமே நிலை ஆள்கூறாக அமையும் பரவளைவையும், நிலை ஆள்கூற்றின் வர்க்கமே கிடை ஆள்கூறாக அமையும் பரவளைவையும் எடுத்துக்கொள்வோம். அவை (0, 0), (1, 1) ஆகிய புள்ளிகளில் வெட்டுகின்றன. (1, 1) இல் தொடலிகளின் படித்திறன்கள் 2, ½. படித்திறன்களின் வித்தியாசத்தை, அவற்றின் பெருக்கத்துடன் 1 ஐக் கூட்டி வருவதால் வகுத்தால் கோணத்தின் தான்சன் கிடைக்கும்: 1½ ÷ 2 = 0.75. கோணம் ஏறத்தாழ 36.9 பாகை. (விடை மறையாக வந்தால் குறியை நீக்கிக்கொள்ளுங்கள்; கூர்ங்கோணம் கிடைக்கும்.)

அதே விடையை (0, 0) க்கும் எழுதிவிடுவோர் உண்டு. ஒவ்வோர் இடைவெட்டுப் புள்ளியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அங்கே முதற் பரவளைவின் தொடலி கிடை அச்சு, மற்றதன் தொடலி நிலை அச்சு. நிலைக்குத்துக் கோட்டுக்குப் படித்திறன் இல்லாததால் சூத்திரத்தில் பிரதியிட எதுவுமில்லை. ஆனால் பரும்படியாக ஒரு படம் வரைந்தாலே, அச்சுகள் இரண்டும் செங்குத்து என்பதால் கோணம் 90 பாகை என்பது தெரிந்துவிடும்.