பதினான்கும் பச்சை, ஷெட்யூல் மட்டும் பொய்

பிளானிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பேஸ்லைனை (ஒப்புதலுக்குக் கொடுக்கும் முதல் ஷெட்யூலை) அனுப்பி "ஒரு தடவை பாருங்கண்ணா" என்று கேட்கும்போது, ஷெட்யூலுக்கு முன்னால் ரிப்போர்ட்டைத்தான் காட்டுகிறார்கள். பதினான்கு வரி, பதினான்கும் பச்சை. கொஞ்ச நேரம் வேலைகளை இணைக்கும் லிங்க்குகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடித்த அதே கூத்துகள்தான், ஷெட்யூல் போடும் மென்பொருளான ப்ரிமவேராவின் வெர்ஷன் மட்டும் புதுசு.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்களை மேற்பார்க்கும் டி.சி.எம்.ஏ என்ற அமைப்பு உருவாக்கிய 14 சோதனைகள் இவை. லாஜிக் (முன்பின் லிங்க்) விடுபட்டவை 5 சதவீதத்துக்குள், லீட் (லிங்க்கில் போடும் மைனஸ் இடைவெளி) பூஜ்யம், லாக் (லிங்க்கில் போடும் காத்திருப்பு) 5 சதவீதத்துக்குள், எஃப்.எஸ் லிங்க் (ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்குவது) 90 சதவீதமாவது, ஃப்ளோட்டோ (கம்ப்ளீஷனைப் பாதிக்காமல் ஒரு வேலை தள்ளிப்போகக்கூடிய நாட்கள்) கால அளவோ 44 வேலை நாளைத் தாண்டுபவை 5 சதவீதத்துக்குள், இப்படிப் போகும். ராணுவத் திட்டங்களுக்காக வந்தது, இன்று வளைகுடாவில் ஆஸ்பத்திரி கட்டினாலும் கன்சல்டன்ட் இதைத்தான் கேட்கிறார்.

டேட்டா டேட்டுக்கு (அப்டேட் எடுக்கும் நாளுக்கு) பிறகு ஆக்சுவல் தேதி போடுவது, நெகட்டிவ் ஃப்ளோட்டோடு பேஸ்லைன் அனுப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ரிப்போர்ட்டிலேயே சிவப்பாகத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். பச்சையாகத் தெரிந்துகொண்டே கழுத்தை அறுப்பவைதான் பிரச்சினை.

எல்லாவற்றையும் கொண்டுபோய் புராஜெக்ட் கம்ப்ளீஷனில் கட்டுவது

முதல் சோதனை லாஜிக். பிரிடிசெசரோ (முந்தைய வேலை) சக்ஸசரோ (அடுத்த வேலை) இல்லாத ஆக்டிவிட்டி எத்தனை என்று எண்ணும். 5 சதவீதத்தைத் தாண்டினால் சிவப்பு. மறுநாள் சப்மிஷன், மானேஜர் தலைமேல் நிற்கிறார். என்ன செய்வார்கள்? சக்ஸசர் இல்லாதவற்றை ஃபில்டர் போட்டு எடுத்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் சக்ஸசராக "புராஜெக்ட் கம்ப்ளீஷன்" மைல்ஸ்டோனைக் கொடுத்துவிடுவார்கள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது, சோதனை பச்சை.

பொய்யான லிங்க் என்றுகூட இதைச் சொல்ல முடியாது. எந்த வேலையும் கம்ப்ளீஷனுக்கு முன் முடியத்தான் வேண்டும், ஆனால் அந்த வேலை முடியாவிட்டால் அடுத்து எது நிற்கும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஷெட்யூல் போடுவதே அந்தக் கேள்விக்காகத்தான்.

வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏ.சிக்கான சில்ட் வாட்டர் பைப் ஓடுகிறது. சைட்டில் வரிசை இப்படி: பைப் போட வேண்டும், பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும், கன்சல்டன்ட் கையெழுத்து வேண்டும், பிறகு இன்சுலேஷன் சுற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் சீலிங்கை மூட முடியும். டெஸ்ட் ஆகாத பைப்பின் மேல் சீலிங் அடிக்க எந்த ஃபோர்மேனும் ஆள் விட மாட்டார். ஷெட்யூலில் இன்சுலேஷனுக்குப் பிரிடிசெசராகப் பைப் இன்ஸ்டலேஷன் நேரடியாக இருந்தது. பிரஷர் டெஸ்ட் என்ற ஆக்டிவிட்டி யாருக்கும் முன்னால் நிற்காமல் தனியாகக் கிடந்தது. சக்ஸசர் இல்லை என்று சோதனையில் மாட்டியதும், யாரோ அதைக் கம்ப்ளீஷனில் கட்டிவிட்டார்கள்.

அப்புறம் கிளையன்ட் ஒரு தளத்தில் வால்வுகளை மாற்றச் சொன்னார். பைப் போட்டாகிவிட்டது, புது வால்வு வராமல் டெஸ்ட் செய்ய முடியாது. ஆறு வாரம் தள்ளிப் போனது. சீலிங் ஆட்கள் கம்பியைத் தொங்கவிட்டதோடு வேறு தளத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்த மாத அப்டேட்டில் சீலிங் தேதி ஒரு நாள்கூட நகரவில்லை. நகர எந்த லிங்க்கும் இல்லையே. பிரஷர் டெஸ்ட்டின் ஃப்ளோட் மட்டும் நூற்றுச் சொச்சத்திலிருந்து கொஞ்சம் குறைந்து காட்டியது.

காலநீட்டிப்பு கேட்டு கிளெய்ம் போனது. கன்சல்டன்ட்டின் பதிலில் சாரம் ஒரே வரிதான்: உங்கள் அங்கீகரிக்கப்பட்ட ஷெட்யூலிலேயே இந்த வேலைக்கு நூறு நாளுக்கு மேல் ஃப்ளோட் இருக்கிறதே, ஆறு வாரத்தால் என்ன பாதிப்பு? சைட் போட்டோ, இன்ஸ்பெக்ஷன் ரிக்வெஸ்ட், டெய்லி ரிப்போர்ட் என்று எவ்வளவு அடுக்கியும், பிறகு லிங்க்கைச் சேர்த்துத் திருத்தி அனுப்பியதை "சம்பவத்துக்குப் பிறகு செய்த மாற்றம்" என்று தள்ளிவிட்டார்கள். தாமதம் கிளையன்ட்டால் வந்தது, அபராதம் கான்ட்ராக்டருக்கு. ஃபிடிக் (சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த மாதிரி) 2017 பதிப்பின் 8.3 பிரிவு, ஆக்டிவிட்டிகள் லாஜிக்படி இணைந்திருக்க வேண்டும், ஃப்ளோட்டும் கிரிட்டிகல் பாத்தும் (கம்ப்ளீஷன் தேதியைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலி) தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறது. அதற்காகக் கொடுத்த ஆவணமே எதிராளிக்குச் சாட்சியானது.

இதில் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, சோதனைகளில் இன்னொன்று இதைக் காட்டிக்கொடுத்திருந்தது என்பதுதான். இப்படிக் கட்டிய ஆக்டிவிட்டிகளில் பெரும்பாலானவை 44 நாளுக்கு மேல் ஃப்ளோட்டோடு நிற்கும், ஹை ஃப்ளோட் வரி சிவப்பாகும். அந்த வரிக்கு எதிரே விளக்கம் எழுத ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் "கிரிட்டிகல் அல்லாத வேலைகள், ஏற்கத்தக்கது" என்று எழுதி நகர்ந்துவிட்டார்கள். லாஜிக் பச்சை, ஹை ஃப்ளோட் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் சந்தேகம் அந்தப் பச்சை மேல்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். கம்ப்ளீஷன் மைல்ஸ்டோனைத் தேர்ந்தெடுத்து அதன் பிரிடிசெசர் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஃபைனல் இன்ஸ்பெக்ஷன், ஸ்னாக் (சிறு குறைகள்) முடித்தல், ஹேண்ட்ஓவர் ஆவணங்கள், அரசு அனுமதி என்று கைவிரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தால் சரி. இருநூறு முந்நூறு என்று உருண்டுகொண்டே போனால் ஒவ்வொன்றையும் எடுத்து, "இது முடியாவிட்டால் அடுத்து யார் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரியாவிட்டால் எம்.இ.பி (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங்) ஃபோர்மேனிடம் கேளுங்கள், அவருக்கு ப்ரிமவேரா தெரியாது, ஆனால் அந்த லிங்க் தெரியும்.

எஸ்.எஸ் மட்டும் போட்டுவிட்டு வாலைத் தொங்கவிடுவது

மேலே சொன்னதன் தம்பி இது. தோண்டல் ஆரம்பித்து ஐந்து நாளில் பி.சி.சி (அடிக் கான்கிரீட்) ஆரம்பிக்கலாம் என்று எஸ்.எஸ் (தொடக்கத்தைத் தொடக்கத்தோடு கட்டும் லிங்க்) பிளஸ் 5 போடுகிறோம். தோண்டலுக்கு சக்ஸசர் இருக்கிறது, லாஜிக் சோதனை திருப்தி. ஆனால் பாறை வந்து தோண்டல் இரட்டிப்பு நாள் இழுத்தாலும் பி.சி.சி அசையாது, ஏனென்றால் கட்டியிருப்பது தொடக்கத்தை மட்டும்தான். தோண்டலின் முடிவிலிருந்து எதற்காவது ஓர் எஃப்.எஸ்ஸோ எஃப்.எஃப்போ (முடிவை முடிவோடு கட்டும் லிங்க்) போக வேண்டும். அதே மாதிரி எஃப்.எஃப் பிரிடிசெசர் மட்டும் உள்ள ஆக்டிவிட்டியின் தொடக்கம் அந்தரத்தில் நிற்கும். 14 சோதனையில் இதைப் பிடிக்கத் தனி வரி கிடையாது, நீங்களேதான் தேட வேண்டும்.

சதவீதத்தை நம்பித் தூங்குவது

மூவாயிரம் ஆக்டிவிட்டி உள்ள ஷெட்யூலில் 5 சதவீதம் என்றால் நூற்றைம்பது. நூற்றைம்பது ஓட்டைகள் வைத்துக்கொண்டும் பாஸ். அதில் ஒன்று மின்சார சப்ஸ்டேஷன் எனர்ஜைசேஷனாக இருந்தால் மொத்தக் கணக்கும் காலி. எண்ணிக்கையைப் பார்க்காமல் பெயர்களைப் படியுங்கள். இன்னொன்று: பெரும்பாலான சோதனைகளில் முடிந்த வேலை, சம்மரி, மைல்ஸ்டோன், எல்.ஓ.இ (மேற்பார்வை மாதிரித் தொடர்ந்து ஓடும் வேலை) எல்லாம் கணக்கில் வரக்கூடாது. முடிந்த வேலைகளையும் சேர்த்து வகுத்தால் கடைசி மாதங்களில் எந்தக் குப்பையும் பச்சையாகத்தான் தெரியும்.

லீட்

வேண்டாம். பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். வேலையைச் சிறிதாகப் பிரித்துக் கட்டுங்கள்.

60 நாள் வேலையை "பகுதி 1", "பகுதி 2" என்று வெட்டுவது

44 நாள் வரம்பைத் தாண்டக்கூடாது என்பதற்காக. ஏரியாவோ தளமோ வைத்துப் பிரித்தால் அர்த்தம் உண்டு, வெறும் காலண்டரை வைத்து வெட்டினால் பாதியில் நிற்கும்போது எந்தப் பகுதி எவ்வளவு முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. சில்லர், லிஃப்ட் மாதிரி சாமான்கள் வர இரண்டு மாதத்துக்கு மேல்தான் ஆகும். அதை அப்படியே விட்டுவிட்டுக் காரணம் எழுதுங்கள். வரம்பு என்பது நின்று பார் என்று சொல்வதற்குத்தான்.

மேண்டேட்டரி ஃபினிஷ்

லாஜிக் என்ன சொன்னாலும் முடியும் தேதியை ஆணியடித்து நிறுத்தும் கன்ஸ்ட்ரெயின்ட் இது. மானேஜரே சொன்னாலும் போடாதீர்கள்.

பி.இ.ஐயைச் சின்ன வேலைகளால் ஊத வைப்பது

இன்றைக்குள் முடிந்திருக்க வேண்டியவை எத்தனை, உண்மையில் முடிந்தவை எத்தனை என்ற விகிதம் அது (பேஸ்லைன் எக்ஸிகியூஷன் இண்டெக்ஸ்), 0.95க்குக் கீழே போனால் கேள்வி வரும். அதற்கு அரை நாள் சப்மிட்டலும் ஒன்றுதான், நாற்பது நாள் ஸ்லாப்பும் ஒன்றுதான். மாதக் கடைசியில் பேப்பர் வேலைகளாக அடித்து முடித்து எண்ணிக்கையை ஏற்றுகிறவர்கள் உண்டு. கான்கிரீட் நின்றுபோயிருக்கும், பி.இ.ஐ 0.98 காட்டும்.

600 நாள் சோதனையைத் தாண்டிப் போவது

கிரிட்டிகல் பாத் சோதனை இது. மற்றவை ஓட்டைகளை எண்ணும், இது மட்டும்தான் நெட்வொர்க்கை உலுக்கிப் பார்க்கும். கிரிட்டிகல் பாத்தில் உள்ள ஆக்டிவிட்டி ஒன்றின் மீதி நாட்களில் 600 வேலை நாளைச் சேர்த்துவிட்டு மறுபடி ஷெட்யூல் செய்தால் கம்ப்ளீஷனும் அதே அளவு தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் நடுவில் எங்கோ லிங்க் அறுந்திருக்கிறது, அல்லது கன்ஸ்ட்ரெயின்ட் பிடித்து வைத்திருக்கிறது. கையால் செய்ய வேண்டிய வேலை என்பதால் ரிப்போர்ட்டில் "பாஸ்" என்று தட்டச்சு செய்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கண்டிப்பாக ஒரு காப்பி எடுத்து அதில் செய்யுங்கள், ஒரிஜினலில் போட்டுவிட்டு மறந்து அனுப்பிய கதைகள் எல்லா ஆபீசிலும் உண்டு. ஒரே ஆக்டிவிட்டியோடு நிறுத்தவும் வேண்டாம். சில்லர் டெலிவரியில் 600 போடுங்கள், ஒரு ஷாப் டிராயிங் அப்ரூவலில் போடுங்கள், சீலிங்குக்கு மேலே நடக்கும் ஏதாவது ஒரு டெஸ்ட்டில் போடுங்கள். ஃப்ளோட் உள்ள வேலையாக இருந்தால் அந்த ஃப்ளோட் போக மீதி நாட்கள் கம்ப்ளீஷனில் தெரிய வேண்டும். ஆனால் கம்ப்ளீஷன் நகர்வதோடு திருப்தி அடையாமல், போகும் வழியில் சீலிங், கமிஷனிங், ஹேண்ட்ஓவர் எல்லாம் சேர்ந்து நகர்ந்ததா என்று பாருங்கள். கம்ப்ளீஷன் மட்டும் தனியாகத் தாவி, நடுவில் உள்ளவை அப்படியே உட்கார்ந்திருந்தால், யாரோ சப்மிஷனுக்கு முந்தின நாள் ராத்திரி ஃபில்டர் போட்டிருக்கிறார்.