மேட் மண்டே தண்டனைச் செய்தி வந்தால் எப்படி வாதாடுவது

செப்டம்பர் பிறந்தால் ஆஸ்திரேலியாவில் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் நீதிபதி ஆகிவிடுவார்கள். ஃபுட்டி சீசன் முடிந்திருக்கும், வெளியேறிய அணிகளின் வீரர்கள் வேஷம் கட்டிக்கொண்டு பப்பில் நாள் முழுக்கக் குடித்திருப்பார்கள், அதில் ஏதோ ஒரு கூத்து பேப்பரில் படமாக வந்திருக்கும். கடைசி ஆட்டத்துக்கு அடுத்த திங்களன்று நடக்கும் இந்தக் கொண்டாட்டத்துக்குப் பெயர் மேட் மண்டே. திங்கள் என்பது பெயருக்குத்தான், செவ்வாய், புதன் என்று இழுப்பதும் உண்டு.

சிட்னி மேற்கில் பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் புதிதாக வருகிற நம்மவர்களுக்கு இதை எழுதுகிறேன். வந்த புதிதில் இந்தப் பேச்சில் நான் மூக்கை நுழைத்து, "இப்படிப்பட்டவர்களை வேலையை விட்டே தூக்க வேண்டியதுதானே" என்றேன். பக்கத்தில் இருந்தவர் சாப்பிடுவதை நிறுத்தாமல், "போன டிசம்பர் ஆபீஸ் பார்ட்டியில் மேஜை மேல் ஏறி நின்று பாடியது யார்?" என்று கேட்டார். அது நான்தான். அன்றிலிருந்து கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறக்கிறேன்.

முதலில், எந்த ஃபுட்டி என்று பாருங்கள். நாம் கால்பந்து என்று நினைப்பதை இங்கே சாக்கர் என்பார்கள். சிட்னியில் ஃபுட்டி என்றால் பெரும்பாலும் ரக்பி லீக், அதை நடத்துவது என்ஆர்எல். மெல்போர்னில் ஃபுட்டி என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ், அது ஏஎஃப்எல். தண்டிப்பவர்கள் வேறு, விதிகள் வேறு, கோபப்படும் ஊரும் வேறு. ஒன்றில் நடந்ததற்கு மற்றதன் தலைவரைத் திட்டினால் அந்த மேஜையில் உங்கள் மரியாதை அத்தோடு போச்சு.

அடுத்தது முக்கியம், இதில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எவ்வளவு குடித்தார்கள், எவ்வளவு கேவலமாக இருந்தது என்று கேட்காதீர்கள். அதில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேளுங்கள்.

2018ல் கேன்டர்பரி புல்டாக்ஸ் வீரர்கள் சிட்னியின் தி ராக்ஸ் பகுதியில் ஹார்பர் வியூ ஹோட்டலில் கொண்டாடினார்கள். சிலர் துணியை அவிழ்த்துவிட்டு ஆடினார்கள், அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்தன. கிளப்புக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் என்று என்ஆர்எல் அறிவித்தது. இரண்டு வீரர்கள் மீது போலீஸ் வழக்கும் போட்டது. இப்போது ஐந்து வருடம் பின்னால் போங்கள். 2013ல் மெல்போர்னின் செயின்ட் கில்டா அணி தன் கொண்டாட்டத்தில் உயரம் குறைந்த கலைஞர் ஒருவரை வேடிக்கைக்காக வரவழைத்தது, அவருடைய உடையில் ஒரு வீரர் தீ வைத்தார். அந்த வீரருக்குக் கிளப் போட்ட அபராதம் 3,000 டாலர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று வேறு லீக், ஒன்று கிளப்புக்கு விழுந்தது, இன்னொன்று தனி ஆளுக்கு, ஒப்பிடவே கூடாது என்று யாராவது சொல்வார்கள், சரி, அதுவும் நியாயம்தான். ஆனாலும் ஒரு மனிதர் போட்டிருந்த துணியில் நெருப்பு வைத்ததற்கு 3,000, அம்மணமாக மேஜை மேல் ஆடியதற்கு 2.5 லட்சம் என்றால் அங்கே தொகையை முடிவு செய்தது வலி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கேமரா எங்கே இருந்ததோ அங்கேதான் பெரிய அபராதமும் விழுகிறது.

அதனால் கேன்டீனில் யாராவது "2.5 லட்சம் ரொம்ப ஜாஸ்தி" என்று ஆரம்பித்தால், ஜாஸ்தியா கம்மியா என்று ஏலம் விடாதீர்கள். செயின்ட் கில்டாவை எடுத்து மேஜையில் வையுங்கள். பாதிப் பேர் அதை மறந்தே போயிருப்பார்கள்.

மூன்றாவது, "அது தனி இடம்தானே" என்ற வாதம். கட்டாயம் வரும், அதற்குத் தயாராகப் போங்கள். புல்டாக்ஸ் விஷயத்தில் இது பலமான வாதம்தான். தங்களுக்குள் நடத்திய பார்ட்டியை வெளியே இருந்து படம் பிடித்துப் போட்டுவிட்டு ஒழுக்கம் பேசுகிறார்கள் என்று பலருக்கும் பத்திரிகை மேல்தான் எரிச்சல் வந்தது. ஆனால் 2024ல் ஜிடபிள்யூஎஸ் ஜயன்ட்ஸ், அதாவது நம் மேற்கு சிட்னியின் ஏஎஃப்எல் அணி, செய்ததற்கு இது பாதிதான் பொருந்தும். அந்த வருடம் அரையிறுதியில் பிரிஸ்பேனுக்கு எதிராக 44 புள்ளி முன்னால் போய்விட்டு 5 புள்ளியில் தோற்றார்கள், அந்தச் சோகத்தில் சில நாள் கழித்துத் தனியாக ஒரு வேஷ விருந்து வைத்தார்கள். அங்கே போட்ட வேஷங்களும் நடித்த நகைச்சுவைகளும் 9/11 தாக்குதலையும், அடிமை முறையையும், பாலியல் வன்முறையையும் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டன. ஏஎஃப்எல் மொத்தம் 13 பேரைத் தண்டித்தது: ஒருவருக்கு 4 ஆட்டத் தடை, ஐந்து பேருக்கு 2 ஆட்டத் தடை, மீதி ஏழு பேருக்கு ஆளுக்கு 5,000 டாலர் அபராதம்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. நான்கு சுவருக்குள் நண்பர்கள் அடிக்கும் ஜோக்குக்கெல்லாம் தடையா, நாளைக்கு வாட்ஸ்அப்பையும் எட்டிப் பார்ப்பார்களா என்றது ஒரு பக்கம். அந்தச் சுவருக்குள்ளேயே அதைப் பார்த்துக் கூசிப்போய் நிற்க வேண்டியவர் ஒருவர் இருந்தால் அவர் யாரிடம் போய்ச் சொல்வது என்றது இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி. வேலை பார்க்கும் இடத்துக் கூட்டம் தனி இடத்தில் கூடினாலும் அது வேலைக் கூட்டம்தான், உங்கள் மேனேஜர் ஹோட்டல் ரூம் எடுத்து ஜாதி ஜோக் அடித்தால் "தனி ரூம்தானே" என்று விடுவீர்களா? ஆனால் முதல் கட்சிக்காரர்களைக் குடிகாரர்களின் வக்கீல் என்று மட்டும் திட்டாதீர்கள். நல்ல ஆட்களும் அதில் இருக்கிறார்கள், அவர்களுடைய பயம் பொய்யில்லை.

அப்புறம், யார் தண்டித்தார்கள் என்பது. கிளப் போட்டதா, லீக் போட்டதா? 2017ல் மெல்போர்னின் ரிச்மண்ட் அணி 37 வருடம் கழித்து ஏஎஃப்எல் கோப்பையை வென்றது. அந்தக் கொண்டாட்ட நாட்களில் மேலாடை இல்லாத ஒரு பெண் வெற்றிப் பதக்கத்தை அணிந்திருக்கும் படம் பரவியது. முகம் தெரியாது. அதை அனுப்பியது தானே என்று அந்த அணி வீரர் நேதன் பிராட் பிறகுதான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், கிளப் அவருக்கு 3 ஆட்டத் தடை போட்டது. போதாது என்று கொதித்தவர்கள் நிறைய. தன் ஆளைத் தானே தண்டிக்கும்போது கை கொஞ்சம் இறங்கும் என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும், அந்தச் சந்தேகத்தை நீங்கள் எழுப்பலாம், தப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான குறிப்பு. இப்படிப் படம், வீடியோ என்று ஏதாவது வந்தால் தேடிப் போகாதீர்கள், குரூப்பில் யாராவது போட்டால் மேலே அனுப்பாதீர்கள். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் பரப்புவது 2014 முதலே குற்றம். வீரர் மூன்று ஆட்டம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார், அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

தொகையைப் பற்றிச் சண்டை போடுமுன் அது முடிவான தொகையா என்றும் பாருங்கள். என்ஆர்எல் பொதுவாக முதலில் ஒரு நோட்டீஸ் கொடுக்கும், பதில் சொல்ல கிளப்புக்கு ஐந்து வேலை நாள் இருக்கும். அதற்குள் நாம் இங்கே தலையை உடைத்துக்கொண்டிருப்போம். ஸ்பான்சர் என்ன சொல்கிறார் என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டையில் தன் பெயர் இருப்பவர் முகம் சுளித்தால் லீக்குக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இனி மேஜையில் உங்களுக்கு எதிரே உட்காரப் போகிறவர்கள். "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்பவர் ஒருவர். அவரிடம் 2012ஐச் சொல்லுங்கள்: இதே புல்டாக்ஸ், இறுதிப் போட்டியில் மெல்போர்ன் ஸ்டார்மிடம் தோற்ற மறுநாள், வெளியே நின்று வேலை பார்த்த ஒரு பெண் நிருபரை நோக்கி உள்ளே இருந்து ஆபாசமாகக் கத்தினார்கள். அந்தப் பெண் குடிக்கவும் வரவில்லை, கூத்தடிக்கவும் வரவில்லை. அப்போது கிளப்பின் தலைமை நிர்வாகியாக இருந்து மன்னிப்புக் கேட்ட டாட் கிரீன்பெர்க்தான் 2018ல் என்ஆர்எல் தலைமை நிர்வாகியாக அதே கிளப்புக்கு அபராதம் அறிவித்தார். இந்த ஒரு தகவலுக்கே உங்களுக்கு யாராவது காபி வாங்கித் தருவார்கள்.

இன்னொருவர் "குழந்தைகளுக்கு முன்மாதிரி" என்பவர். இவரோடு எனக்கு அவ்வளவாக ஒட்டாது. பந்து பிடிக்கத் தெரிந்ததற்காக இருபது வயதுப் பையனை ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் வாத்தியார் ஆக்கியது நாம்தான், அவன் அப்ளிகேஷன் போடவில்லை. ஆனால் அந்த முன்மாதிரிப் பிம்பத்தைக் காட்டித்தான் சம்பளமும் விளம்பரமும் வருகிறது என்று அவர் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லத் திணறுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, மார்ச் மாதம் காலண்டரில் ஒரு குறிப்பு போட்டு வையுங்கள். தடை எல்லாம் அடுத்த சீசன் தொடங்கும்போதுதான் உறைக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஜயன்ட்ஸ் விஷயத்தில் எங்கள் கேன்டீனில் இரண்டு வாரம் தொண்டை கிழியக் கத்தியவர் ஒருவர் இருந்தார், ஆயுள் தடை போட வேண்டும் என்ற அளவுக்குப் போனவர். 2025 மார்ச்சில் முதல் ஆட்டத்துக்கான அணிப் பட்டியல் வந்த அன்று போனை நீட்டி என்னிடம் கேட்டார், "இந்தப் பையன் பெயர் ஏன் இல்லை, காயமா?"